உள்ளக மின்னஞ்சல் வழங்கிக்கான பொது டி.என்.எஸ். பதிவுகள்

உள்ளக மின்னஞ்சல் வழங்கி என்பது ஒரு கல்லூரியோ மருத்துவமனையோ தொழில் நிறுவனமோ தன் கட்டடத்துக்குள், தன் சொந்த வலையமைப்பில் வைத்து இயக்கும் மின்னஞ்சல் வழங்கி ஆகும். அலுவலகத்துக்குள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அஞ்சல் அனுப்ப இந்த வழங்கி ஒன்றே போதும். வெளியுலகிலிருந்து அஞ்சல் வந்து சேரவும், இங்கிருந்து செல்லும் அஞ்சலை வெளியுலகம் நம்பி ஏற்கவும் அது போதாது. அந்த வழங்கி எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன, அந்த நிறுவனத்தின் பெயரில் அஞ்சல் அனுப்பும் உரிமை யாருக்கு உண்டு ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை பொதுவெளியில் இருக்க வேண்டும். அந்த விடைகளைத் தாங்கி நிற்பவையே பொது டி.என்.எஸ். பதிவுகள்.

இப்பதிவுகள் தவறினால் நேரும் இழப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கல்லூரி அனுப்பிய சேர்க்கைக் கடிதம் மாணவரின் எரிதக் கோப்புறையில் கிடக்கும். கடைசித் தேதி கடந்த பிறகே அது தெரியவரும். அதைவிட மோசமாக, நிறுவனத்தின் பெயரைப் போட்டு யாரோ அனுப்பிய போலி விலைப்பட்டியலை நம்பி வாடிக்கையாளர் பணம் செலுத்திவிடக்கூடும். வழங்கி பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கும்போதே இவை இரண்டும் நடக்கும்.

பின்னணி

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில், கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் பராமரிக்கப்பட்டன. கணினிகள் பெருகியபோது அந்த முறை தாங்கவில்லை. 1983ஆம் ஆண்டு பால் மொக்கபெட்ரிஸ் ஆள்களப் பெயர் முறைமையை, அதாவது டி.என்.எஸ். முறையை, ஆர்.எஃப்.சி. 882, 883 ஆகிய ஆவணங்களில் முன்வைத்தார். ஒரே கோப்புக்குப் பதிலாக, ஒவ்வோர் ஆள்களத்தின் விவரத்தையும் அதன் உரிமையாளரே தனித்தனி வழங்கிகளில் வெளியிடும் பரவலாக்கப்பட்ட முறை இது.

அம்முறையில் அஞ்சலுக்கென முதலில் இரண்டு பதிவு வகைகள் இருந்தன. 1986ஆம் ஆண்டு அவற்றுக்கு மாற்றாக எம்.எக்ஸ். எனப்படும் அஞ்சல் பரிமாற்றிப் பதிவு வந்தது. அதைக் கொண்டு அஞ்சலை எவ்வாறு வழிநடத்துவது என்பதை கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதிய ஆர்.எஃப்.சி. 974 வரையறுத்தது. இன்றும் அஞ்சல் இதே அடிப்படையில்தான் செல்கிறது.

மின்னஞ்சலைக் கொண்டு செல்லும் எஸ்.எம்.டி.பி. நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982ஆம் ஆண்டு ஆர்.எஃப்.சி. 821 ஆவணத்தில் எழுதினார். அனுப்புநர் தன்னை யாரென்று சொல்கிறாரோ அதை அப்படியே ஏற்கும் நெறிமுறை அது. ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்களின் வலையமைப்பில் அது குறையாகத் தெரியவில்லை. எரிதமும் மோசடியும் பெருகிய பின்னரே, அனுப்புநரைச் சரிபார்க்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகிய மூன்று முறைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. அவை மூன்றும் தமக்கான விவரங்களை டி.என்.எஸ். வழியாகவே வெளியிடுகின்றன.

ஓர் அஞ்சல் வந்து சேரும் வழி

ஒரு மாணவர் தன் கைபேசியிலிருந்து கல்லூரி அலுவலகத்துக்கு அஞ்சல் அனுப்புகிறார் என்று கொள்வோம். அவருடைய அஞ்சல் சேவையின் வழங்கி, முகவரியில் அட் குறிக்குப் பின் உள்ள ஆள்களப் பெயரை எடுத்துக்கொண்டு, அதற்கான எம்.எக்ஸ். பதிவு எது என்று டி.என்.எஸ். முறையைக் கேட்கிறது. விடையாக ஒரு வழங்கியின் பெயர் கிடைக்கிறது. பிறகு அந்தப் பெயருக்கான ஐ.பி. முகவரியைக் கேட்கிறது. அதற்கு விடை தருவது ஏ பதிவு. ஆறாம் பதிப்பு ஐ.பி. முகவரியாக இருந்தால் நான்கு ஏ பதிவு. கிடைத்த முகவரியின் 25ஆம் எண் போர்ட்டுடன் இணைந்து அஞ்சலை ஒப்படைக்கிறது.

இங்கே உள்ளக வழங்கிக்கு ஒரு சிக்கல் எழுகிறது. கட்டடத்துக்குள் இருக்கும் வழங்கியின் முகவரி பெரும்பாலும் 192.168 அல்லது 10 என்று தொடங்கும் தனியார் முகவரியாக இருக்கும். ஆர்.எஃப்.சி. 1918 உள்பயன்பாட்டுக்கென ஒதுக்கிய இம்முகவரிகள் வெளி இணையத்தில் செல்லாது. இதே முகவரியை ஆயிரக்கணக்கான அலுவலகங்கள் தத்தம் கட்டடத்துக்குள் பயன்படுத்துகின்றன. ஆகவே பொது டி.என்.எஸ்.இல் வெளியிட வேண்டியது வழங்கியின் உள்முகவரியை அன்று. அலுவலகத்தின் ஃபயர்வால் அல்லது ரூட்டர் வெளியுலகுக்குக் காட்டும் பொது முகவரியை. அந்தப் பொது முகவரியின் 25ஆம் போர்ட்டுக்கு வரும் இணைப்பை உள்வழங்கிக்குத் திருப்பிவிடுவது ஃபயர்வாலின் வேலை.

தேவையான முன்னேற்பாடுகள்

பதிவுகளை எழுதத் தொடங்கும் முன் சில அடிப்படைகள் உறுதியாக வேண்டும்.

முதலாவது, நிலையான பொது ஐ.பி. முகவரி. ரூட்டரை அணைத்துப் போடும்போதெல்லாம் மாறும் முகவரியில் அஞ்சல் வழங்கியை நடத்த இயலாது. சில இணையச் சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்தளிக்கின்றன. ரூட்டரின் வெளிப்புற முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், அது பகிர்வுக்கென ஒதுக்கப்பட்ட முகவரி. அந்நிலையில் ரூட்டரில் என்ன அமைத்தாலும் வெளியிலிருந்து இணைப்பு வராது. நிலையான முகவரியைச் சேவை நிறுவனத்திடம் கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டாவது, 25ஆம் போர்ட். எரிதத்தைத் தடுப்பதற்காகப் பல சேவை நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் இந்தப் போர்ட்டை அடைத்து வைக்கின்றன. அது உள்வரவிலும் வெளிச்செலவிலும் திறந்திருப்பதை எழுத்துமூலம் உறுதி செய்துகொள்வது நல்லது.

மூன்றாவது, அந்த முகவரியின் முன்வரலாறு. முன்பு அதைப் பயன்படுத்திய ஒருவர் எரிதம் அனுப்பியிருந்தால், ஸ்பேம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்களில் அது இடம்பெற்றிருக்கலாம். முகவரியைப் பெற்ற நாளிலேயே இதைச் சோதித்தால், வேறு முகவரி கேட்பதற்கோ பட்டியலிலிருந்து நீக்கக் கோருவதற்கோ நேரம் இருக்கும்.

நான்காவது, ஆள்களத்தின் டி.என்.எஸ். எங்கே நடத்தப்படுகிறது என்ற தெளிவு. ஆள்களத்தைப் பதிவு செய்த நிறுவனம் ஒன்றாகவும், டி.என்.எஸ். நடத்தும் நிறுவனம் வேறொன்றாகவும் இருக்கலாம். தவறான இடத்தில் எழுதிய பதிவு யாருக்கும் தெரியாது. அலுவலகத்துக்குள் இயங்கும் டி.என்.எஸ். வழங்கியில் எழுதிய பதிவும் வெளியுலகுக்குத் தெரியாது.

எடுத்துக்காட்டு

2007ஆம் ஆண்டு ஐகேன் அமைப்பு, ஆங்கிலமல்லாத எழுத்துகளில் ஆள்களப் பெயர்களைச் சோதிப்பதற்காகத் தமிழ் உட்பட 11 மொழிகளில் சோதனை ஆள்களங்களை நிறுவியது. அவற்றுள் தமிழுக்குரியது உதாரணம்.பரிட்சை என்பதாகும். சோதனை முடிந்து அது நீக்கப்பட்டுவிட்டது. இக்கட்டுரையில் அந்தப் பெயரும், ஆவணங்களில் எடுத்துக்காட்டுக்கென ஒதுக்கப்பட்ட 203.0.113.25 என்ற முகவரியும் பயன்படுத்தப்படுகின்றன. பதிவுக் குறிச்சொற்கள் இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்படுகின்றன. நடைமுறையில் அவற்றை இலத்தீன் எழுத்திலேயே உள்ளிட வேண்டும்.

வழங்கியின் உள்முகவரி: 192.168.10.25
அலுவலகத்தின் பொது முகவரி: 203.0.113.25
வழங்கியின் பொதுப் பெயர்: அஞ்சல்.உதாரணம்.பரிட்சை

ஏ பதிவும் எம்.எக்ஸ். பதிவும்

முதலில் எழுத வேண்டியது ஏ பதிவு. அது அஞ்சல்.உதாரணம்.பரிட்சை என்ற பெயரை 203.0.113.25 என்ற முகவரியுடன் இணைக்கிறது. அதன் பின்னரே எம்.எக்ஸ். பதிவு:

உதாரணம்.பரிட்சை – எம்.எக்ஸ். – 10 – அஞ்சல்.உதாரணம்.பரிட்சை

இதில் 10 என்பது முன்னுரிமை எண். ஒன்றுக்கு மேற்பட்ட எம்.எக்ஸ். பதிவுகள் இருந்தால், சிறிய எண் கொண்டதே முதலில் அணுகப்படும். ஒரே எண் கொண்டவை தமக்குள் சுமையைப் பகிர்ந்துகொள்ளும்.

எம்.எக்ஸ். பதிவில் இரண்டு விதிகள் அடிக்கடி மீறப்படுகின்றன. அதன் வலப்பக்கத்தில் ஐ.பி. முகவரியை எழுதக்கூடாது; பெயரைத்தான் எழுத வேண்டும். மேலும் அந்தப் பெயர் சி.நேம் எனப்படும் மாற்றுப்பெயர்ப் பதிவாக இருக்கக்கூடாது. நேரடியாக ஏ பதிவு கொண்டிருக்க வேண்டும். 1997ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 2181 இதைத் தெளிவாகக் கூறுகிறது. இவ்விதிகளை மீறிய பதிவு சில வழங்கிகளிடம் வேலை செய்யும், சிலவற்றிடம் செய்யாது. அதனால் பிழையைக் கண்டுபிடிப்பது கடினமாகிறது.

எம்.எக்ஸ். பதிவே இல்லாத ஆள்களத்துக்கு, அனுப்பும் வழங்கி அந்த ஆள்களத்தின் ஏ பதிவையே முயலும். பெரும்பாலும் அது இணையதளத்தின் முகவரியாக இருப்பதால், அஞ்சல் வலைவழங்கியின் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பும்.

இரண்டாம் எம்.எக்ஸ். பதிவு கட்டாயமன்று. வழங்கி சிறிது நேரம் நின்றுபோனால், அனுப்பும் வழங்கி அஞ்சலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். இம்முயற்சியைக் குறைந்தது 4 அல்லது 5 நாள்களுக்குத் தொடர வேண்டும் என்று எஸ்.எம்.டி.பி. விதிகள் கூறுகின்றன. பாதுகாப்புக் குறைந்த மாற்று வழங்கியை இரண்டாவதாக வைத்தால், எரிதம் அனுப்புவோர் அந்தப் பின்வாசலைத்தான் முதலில் தேடுவர்.

தலைகீழ்ப் பதிவு

ஏ பதிவு பெயரிலிருந்து முகவரியைத் தருகிறது. அதற்கு எதிர்த்திசையில், முகவரியிலிருந்து பெயரைத் தருவது பி.டி.ஆர். எனப்படும் தலைகீழ்ப் பதிவு. அஞ்சலைப் பெறும் பெரிய சேவைகள், இணைய வந்த முகவரிக்குப் பெயர் உண்டா, அந்தப் பெயரைத் திரும்பக் கேட்டால் அதே முகவரி கிடைக்கிறதா என்று பார்க்கின்றன. இரண்டும் பொருந்தாவிட்டால் அஞ்சல் நிராகரிக்கப்படலாம்.

இப்பதிவை ஆள்களத்தின் டி.என்.எஸ். பக்கத்தில் எழுத இயலாது. ஐ.பி. முகவரி யாருடையதோ அவரிடமே, அதாவது இணையச் சேவை நிறுவனத்திடமே, அதன் உரிமை உள்ளது. 203.0.113.25 என்ற முகவரிக்கு அஞ்சல்.உதாரணம்.பரிட்சை என்று தலைகீழ்ப் பதிவு இடுமாறு விண்ணப்பிக்க வேண்டும். அது நடந்து முடிய நாள்கள் ஆகலாம் என்பதால், எல்லாப் பணிகளுக்கும் முன் இந்த விண்ணப்பத்தை அனுப்புவது நடைமுறை.

வழங்கி தன்னை அறிமுகப்படுத்தும் பெயரும் இதனுடன் பொருந்த வேண்டும். எஸ்.எம்.டி.பி. உரையாடலின் தொடக்கத்தில் அனுப்பும் வழங்கி 'ஹெலோ' என்ற கட்டளையுடன் தன் பெயரைச் சொல்கிறது. உள்வலையமைப்புக்கென அமைக்கப்பட்ட வழங்கிகள் பல, 'லோக்கல்' என்று முடியும் உள்பெயரையே அங்கும் சொல்லிவிடுகின்றன. அந்தப் பெயர் வெளியுலகில் எங்கும் இல்லாததால், பெறுநர் அதை ஐயத்துடன் பார்க்கிறார். வழங்கியின் அமைப்பில் இதைப் பொதுப் பெயராக மாற்ற வேண்டும்.

எஸ்.பி.எஃப். பதிவு

எஸ்.பி.எஃப். என்பது இந்த ஆள்களத்தின் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்த முகவரிகளுக்கு உரிமை உண்டு என்பதன் பட்டியல். இது டெக்ஸ்ட் எனப்படும் உரைப் பதிவாக எழுதப்படுகிறது. 2006ஆம் ஆண்டு சோதனை நிலை ஆவணமாகவும், 2014ஆம் ஆண்டு ஆர்.எஃப்.சி. 7208 என்ற தர ஆவணமாகவும் வெளிவந்தது. எளிய வடிவம் இது:

வி=எஸ்பிஎஃப்1 எம்எக்ஸ் -ஆல்

எம்.எக்ஸ். பதிவில் உள்ள வழங்கிக்கு அனுமதி உண்டு, மற்ற எதற்கும் இல்லை என்பது இதன் பொருள். 'ஆல்' என்ற சொல்லுக்கு முன் உள்ள கழித்தல் குறி உறுதியான மறுப்பைக் காட்டுகிறது. அதற்குப் பதில் அலைக்குறி இட்டால் அது மென்மையான மறுப்பு. ஐயத்துடன் ஏற்றுக்கொள் என்று பொருள்.

இப்பதிவை எழுதும் முன், நிறுவனத்தின் பெயரில் அஞ்சல் அனுப்பும் எல்லாவற்றையும் பட்டியலிட வேண்டும். அஞ்சல் வழங்கி மட்டுமன்றி, இணையதளத்தின் விண்ணப்பப் படிவம், கணக்கு மென்பொருள், செய்திமடல் சேவை, வருடிய தாளை அஞ்சலில் அனுப்பும் அச்சுப்பொறி ஆகியவையும் அனுப்பக்கூடும். விடுபட்ட ஒவ்வொன்றும் நாளை நிராகரிக்கப்படும்.

ஓர் ஆள்களத்துக்கு ஒரே ஓர் எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்கலாம். புதிய சேவை ஒன்றைச் சேர்க்கும்போது இரண்டாவது பதிவாக எழுதினால், இரண்டுமே செல்லாமல் போகும். இருக்கும் பதிவிலேயே அதைச் சேர்க்க வேண்டும். மேலும் ஒரு பதிவைச் சரிபார்க்கும்போது செய்யப்படும் டி.என்.எஸ். தேடல்கள் 10 என்ற எல்லையைத் தாண்டக்கூடாது.

உள்ளக வழங்கிக்கே உரிய பொறி ஒன்று இங்கே உண்டு. ஓர் அலுவலகத்துக்குப் பல பொது முகவரிகள் இருந்தால், அஞ்சல் ஒரு முகவரியில் வந்து, மற்றொரு முகவரியின் வழியாக வெளியே செல்லக்கூடும். உள்ளே வரும் இணைப்புக்கு ஃபயர்வாலில் விதி எழுதியவர், வெளியே செல்லும் இணைப்புக்கு எழுதாமல் விட்டால் இது நேரும். அப்போது எஸ்.பி.எஃப்., தலைகீழ்ப் பதிவு இரண்டும் தவறும். வழங்கியின் வெளிச்செல்லும் இணைப்பும் 203.0.113.25 வழியாகவே போகுமாறு அமைப்பது இதற்குத் தீர்வு. இரண்டு இணையச் சேவைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் அலுவலகம், இரு முகவரிகளுக்கும் தலைகீழ்ப் பதிவு பெற்று, இரண்டையும் எஸ்.பி.எஃப். பதிவில் சேர்க்க வேண்டும்.

டி.கே.ஐ.எம். கையொப்பம்

எஸ்.பி.எஃப். வழியைச் சரிபார்க்கிறது, டி.கே.ஐ.எம். அஞ்சலையே சரிபார்க்கிறது. வழங்கி ஒவ்வோர் அஞ்சலிலும் தன் மறைச்சாவியைக் கொண்டு ஒரு மின்கையொப்பம் இடுகிறது. அதற்குரிய பொதுச்சாவி டி.என்.எஸ்.இல் உரைப் பதிவாக வெளியிடப்படுகிறது. பெறுநரின் வழங்கி அந்தச் சாவியை எடுத்துக் கையொப்பத்தைச் சோதித்து, அஞ்சல் வழியில் திருத்தப்படவில்லை என்பதை அறிகிறது. யாஹூவின் முறையும் சிஸ்கோவின் முறையும் இணைந்து உருவான இது 2007ஆம் ஆண்டு ஆர்.எஃப்.சி. 4871 ஆக வெளிவந்தது, 2011இல் ஆர்.எஃப்.சி. 6376 ஆகத் திருத்தப்பட்டது.

பொதுச்சாவிப் பதிவின் பெயரில் 'தெரிவி' எனப்படும் ஒரு சொல் முன்னால் வரும். சாவியை உருவாக்கிய ஆண்டையோ பயன்படுத்தும் சேவையின் பெயரையோ தெரிவியாக வைப்பது வழக்கம். இதனால் ஒரே ஆள்களத்தில் பல சாவிகள் இருக்கலாம். பழைய சாவியை நீக்காமலே புதியதை அறிமுகம் செய்யலாம்.

இங்கு அடிக்கடி நேரும் பிழை நீளத்தைச் சார்ந்தது. உரைப் பதிவின் ஒரு சரம் 255 எழுத்துகளுக்கு மேல் போகக்கூடாது. 2048 பிட் சாவி அதைவிட நீளமானது. ஆகவே அதை ஒரே பதிவுக்குள் இரண்டு சரங்களாகப் பிரித்து எழுத வேண்டும். சில டி.என்.எஸ். பக்கங்கள் தாமே பிரித்துக்கொள்ளும். சில எச்சரிக்கையின்றி வெட்டிவிடும்.

டிமார்க் கொள்கை

எஸ்.பி.எஃப். சோதிப்பது அஞ்சலின் உறையில் உள்ள அனுப்புநரை. பயனர் திரையில் காண்பது கடிதத்தின் தலைப்பில் உள்ள அனுப்புநரை. இவ்விரண்டும் வேறாக இருக்கலாம். மோசடி செய்பவர் தன் சொந்த ஆள்களத்தை உறையிலும் கல்லூரியின் பெயரைத் தலைப்பிலும் இட்டால், எஸ்.பி.எஃப். சோதனையில் அவர் தேறிவிடுவார். இந்த ஓட்டையை அடைப்பது டிமார்க். தேறிய ஆள்களம், திரையில் தெரியும் ஆள்களத்துடன் பொருந்த வேண்டும் என்று அது கேட்கிறது. எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இரண்டில் ஒன்றாவது பொருந்தித் தேறினால் போதும். 2015ஆம் ஆண்டு இது ஆர்.எஃப்.சி. 7489 ஆக வெளியிடப்பட்டது.

டிமார்க் பதிவு தேறாத அஞ்சலை என்ன செய்வது என்பதையும் சொல்கிறது. 'நன்' என்றால் எதுவும் செய்யாமல் அறிக்கை மட்டும் அனுப்பு. 'குவாரண்டைன்' என்றால் ஒதுக்கி வை. 'ரிஜெக்ட்' என்றால் நிராகரி. அறிக்கைகள் வர வேண்டிய முகவரியையும் அதே பதிவில் குறிக்கலாம்.

முதல் நாளிலேயே நிராகரிப்பைத் தேர்ந்தெடுப்பது ஆபத்தானது. மறந்துபோன ஓர் அனுப்புநர் எங்கேனும் இருந்தால், நிறுவனத்தின் சொந்த அஞ்சலே தடைபடும். 'நன்' நிலையில் சில வாரங்கள் அறிக்கைகளைப் படித்து, உரிமையுள்ள எல்லா அனுப்புநர்களும் தேறுவதைக் கண்ட பின், படிப்படியாக இறுக்குவதே பரிந்துரைக்கப்படும் வழி. எனினும் 'நன்' நிலையிலேயே நின்றுவிட்டால், போலி அஞ்சலைத் தடுக்குமாறு பெறுநரிடம் நிறுவனம் எதுவும் கேட்டதாகாது.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இவ்விதிகளை இறுக்கின. ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்பும் எல்லோரும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். வைத்திருக்க வேண்டும், நேர்ப் பதிவும் தலைகீழ்ப் பதிவும் பொருந்த வேண்டும். நாளொன்றுக்கு 5000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்று முறைகளும் கட்டாயம். சேர்க்கைக் காலத்தில் ஒரு பெரிய கல்லூரி இந்த எண்ணை எளிதில் தொட்டுவிடும்.

உள்ளேயும் வெளியேயும் ஒரே பெயர்

பயனர் ஒருவர் தன் மடிக்கணினியை அலுவலகத்திலும் வீட்டிலும் பயன்படுத்துகிறார். அஞ்சல் மென்பொருளில் வழங்கியின் பெயர் ஒருமுறைதான் இடப்படுகிறது. வீட்டில் அந்தப் பெயருக்குப் பொது முகவரி கிடைக்க வேண்டும். அலுவலகத்தில் உள்முகவரி கிடைத்தால் நல்லது. இதற்காக உள்ளேயுள்ள டி.என்.எஸ். வழங்கியில் அதே பெயருக்கு 192.168.10.25 என்று தனிப் பதிவு இடப்படுகிறது. கேட்பவர் நிற்கும் இடத்துக்கேற்ப வேறு விடை தரும் இம்முறை பிளவுபட்ட டி.என்.எஸ். எனப்படுகிறது.

இதில் ஒரு விழிப்பு தேவை. உள் டி.என்.எஸ். வழங்கி முழு ஆள்களத்துக்கும் தானே பொறுப்பேற்றுக்கொண்டால், வெளியே வேறிடத்தில் இயங்கும் இணையதளம் போன்றவற்றின் பதிவுகளையும் உள்ளே படியெடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உலகம் முழுவதும் திறக்கும் கல்லூரியின் இணையதளம் கல்லூரிக்குள் மட்டும் திறக்காது. அஞ்சல் வழங்கியின் பெயருக்கு மட்டும் தனி மண்டலம் அமைப்பது இதைத் தவிர்க்கும்.

பெயரும் பாதுகாப்புச் சான்றிதழும் பொருந்த வேண்டும் என்பதாலும் ஒரே பெயர் நல்லது. அஞ்சல்.உதாரணம்.பரிட்சை என்ற பெயருக்குப் பெற்ற சான்றிதழ் இரு இடங்களிலும் செல்லும்.

மாற்றும் நாள்

ஏற்கெனவே வேறொரு சேவையில் அஞ்சல் பெற்றுவரும் ஆள்களத்தை உள்ளக வழங்கிக்கு மாற்றும்போது, வரிசை முக்கியம்.

1. மாற்றத்துக்குச் சில நாள்கள் முன்பே எம்.எக்ஸ். பதிவின் ஆயுட்காலத்தை 300 நொடியாகக் குறைத்தல். பழைய விடையைப் பிற வழங்கிகள் நெடுநேரம் நினைவில் வைத்திருப்பதை இது தடுக்கும்.
2. தலைகீழ்ப் பதிவு, ஏ பதிவு, ஃபயர்வால் விதிகள், சான்றிதழ் ஆகியவற்றை முடித்தல்.
3. எல்லாப் பயனர்களின் அஞ்சல் பெட்டிகளையும் புதிய வழங்கியில் உருவாக்குதல். இல்லாத பெட்டிக்கு வரும் அஞ்சல் நிரந்தரமாகத் திரும்பிவிடும்.
4. வழங்கி திறந்த இடைமாற்றி அன்று என்பதைச் சோதித்தல். யாரிடமிருந்தும் யாருக்கும் அஞ்சலைக் கடத்திவிடும் வழங்கியை எரிதம் அனுப்புவோர் விரைவில் கண்டுபிடித்துவிடுவர். முகவரி தடைப்பட்டியலில் சேரும்.
5. எஸ்.பி.எஃப். பதிவில் பழைய சேவையையும் புதிய வழங்கியையும் சேர்த்து எழுதுதல்; டி.கே.ஐ.எம். சாவியை வெளியிடுதல், டிமார்க்கை 'நன்' நிலையில் தொடங்குதல்.
6. எல்லாம் தேறிய பின் எம்.எக்ஸ். பதிவை மாற்றுதல்.
7. பழைய சேவையைச் சில நாள்கள் திறந்தே வைத்து, அங்கு தாமதமாக வந்து விழும் அஞ்சலை எடுத்துக்கொள்ளுதல்.

இன்னும் எழுதப்படாத பதிவை அவசரப்பட்டுத் தேடிப் பார்ப்பதையும் தவிர்க்க வேண்டும். 'இல்லை' என்ற விடையையும் டி.என்.எஸ். சிறிது காலம் நினைவில் வைக்கும். அதனால் பதிவை எழுதிய பின்னும் அது இல்லாததுபோலவே தோன்றலாம்.

சரிபார்த்தல்

விண்டோஸிலும் லினக்ஸிலும் உள்ள என்.எஸ். லுக்கப், லினக்ஸில் பரவலாக உள்ள டிக் ஆகிய கட்டளைகளால் பதிவுகளைப் பார்க்கலாம். இச்சோதனையை அலுவலக வலையமைப்பிலிருந்து செய்தால் உள் டி.என்.எஸ். வழங்கியின் விடையே வரும். அது வெளியுலகின் பார்வை அன்று. கைபேசித் தரவு இணைப்பில் கணினியை இணைத்துச் சோதிப்பது எளிய வழி.

பிறகு ஒரு சோதனை அஞ்சலை வெளிச்சேவை ஒன்றிலுள்ள கணக்குக்கு அனுப்பி, அதன் முழுத் தலைப்பைத் திறந்து பார்க்க வேண்டும். அங்குள்ள சரிபார்ப்பு முடிவு வரியில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' என்று இருந்தால் பதிவுகள் சரி. வழங்கிக்கு ஆறாம் பதிப்பு ஐ.பி. முகவரியும் இருந்தால், அஞ்சல் அவ்வழியே சென்றதா என்பதையும் அங்கே காணலாம். சென்றிருந்தால், அந்த முகவரிக்கும் தலைகீழ்ப் பதிவும் எஸ்.பி.எஃப். அனுமதியும் தேவை.

தமிழ் ஆள்களப் பெயர்கள்

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய தமிழ் உயர்நிலை ஆள்களங்கள் இன்று பயன்பாட்டில் உள்ளன. டி.என்.எஸ். முறையில் இவை தமிழ் எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. பியூனிகோடு என்னும் முறையில் இலத்தீன் எழுத்துத் தொடராக மாற்றப்பட்டே பதிவாகின்றன. எம்.எக்ஸ். பதிவையும் மற்றப் பதிவுகளையும் அந்த மாற்று வடிவிலேயே எழுத வேண்டும். அட் குறிக்கு முன் உள்ள பயனர் பெயரும் தமிழில் இருக்க வேண்டுமானால், அனுப்பும் வழங்கி, பெறும் வழங்கி இரண்டும் 2012ஆம் ஆண்டு தர ஆவணங்களில் வரையறுக்கப்பட்ட பன்மொழி அஞ்சல் நீட்சியை ஏற்க வேண்டும். அதை ஏற்காத வழங்கிகளும் இருப்பதால், தமிழ் முகவரி வைத்திருப்போர் மாற்றாக ஓர் இலத்தீன் முகவரியையும் வைத்துக்கொள்கின்றனர்.

பராமரிப்பு

பதிவுகளை எழுதி முடித்ததோடு பணி முடிவதில்லை. இணையச் சேவை நிறுவனத்தை மாற்றினால் பொது முகவரி மாறும். அதனுடன் ஏ பதிவு, எஸ்.பி.எஃப்., தலைகீழ்ப் பதிவு மூன்றும் மாற வேண்டும். ஒப்பந்தம் முடிந்த செய்திமடல் சேவையை எஸ்.பி.எஃப். பதிவிலிருந்து நீக்காவிட்டால், நிறுவனத்தின் பெயரில் அனுப்பும் உரிமை அச்சேவையிடமே தொடர்ந்து இருக்கும். ஆள்களப் பதிவின் காலம் முடிந்து புதுப்பிக்கப்படாவிட்டால், அதைப் புதிதாக வாங்குபவர் ஒரே ஓர் எம்.எக்ஸ். பதிவின் மூலம் பழைய நிறுவனத்துக்கு வரும் அஞ்சல் அனைத்தையும் பெற முடியும். அதில் கடவுச்சொல் மீட்பு அஞ்சல்களும் அடங்கும்.

அஞ்சலுக்கே பயன்படாத ஆள்களங்களையும் வெறுமனே விடுதல் கூடாது. அவற்றின் பெயரிலும் போலி அஞ்சல் அனுப்ப முடியும். யாருக்கும் அனுமதி இல்லை என்னும் எஸ்.பி.எஃப். பதிவு, நிராகரிப்பு நிலையிலான டிமார்க் பதிவு, அஞ்சல் ஏற்கப்படாது என அறிவிக்கும் வெற்று எம்.எக்ஸ். பதிவு ஆகிய மூன்றும் அதற்குப் போதுமானவை. வெற்று எம்.எக்ஸ். பதிவு 2015ஆம் ஆண்டு ஆர்.எஃப்.சி. 7505இல் வரையறுக்கப்பட்டது, முன்னுரிமை 0 என்றும் வழங்கியின் பெயருக்குப் பதில் ஒற்றைப் புள்ளியும் எழுதப்படும்.

டி.என்.எஸ். கணக்கின் கடவுச்சொல்லைக் கைப்பற்றுபவர் மேற்கண்ட எல்லாப் பதிவுகளையும் மாற்றிவிட முடியும். ஆகவே அக்கணக்குக்கு இரு படிச் சரிபார்ப்பு அமைப்பதும், யார் எப்போது எந்தப் பதிவை மாற்றினார் என்ற குறிப்பேட்டை வைத்திருப்பதும் பராமரிப்பின் பகுதிகளாகும். பதிவுகளை அமைத்தவர் பணியிலிருந்து விலகிய பிறகும் அடுத்து வருபவர் காரணம் அறிந்து திருத்துவதற்கு அந்தக் குறிப்பேடு உதவும்.